ராஸ் – ரேச்சல் வழக்கு: வளவில் பட்டிமன்றம் போடுவதற்கு முன்

கேள்வி இது. பிள்ளையார் நோன்புக்குக் காரைக்குடி வீட்டில் பங்காளிகள் எல்லோரும் கூடுகிறார்கள். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்குள் ‘ஃபிரண்ட்ஸ்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் காதலர்கள் ராஸ், ரேச்சல் பற்றி வருடந்தோறும் சண்டை. காதலில் ஓர் இடைவெளி, அதாவது ‘பிரேக்’, விடுவோம் என்று ரேச்சல் சொன்ன அன்றிரவே ராஸ் வேறொரு பெண்ணோடு இருந்துவிட்டான், அதுதான் வழக்கு. “அப்போது அவர்கள் பிரேக்கில்தானே இருந்தார்கள்” என்று ஒரு கட்சி, “அதற்காக அன்றைக்கு ராத்திரியேவா” என்று இன்னொரு கட்சி. இந்த முறை அதை முறையான பட்டிமன்றமாக நடத்தினால் தலைப்பு என்ன வைக்கலாம், எந்த எபிசோடுகளைச் சான்றாக எடுக்கலாம், தொடரே பார்க்காத ஆச்சிமார் முன்னால் எப்படிப் பேசுவது?

தாராளமாக நடத்தலாம். ஆனால் “பிரேக்கில் இருந்தார்களா, இல்லையா” என்று மட்டும் தலைப்பு வைக்காதீர்கள். பத்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துபோகும். அந்த வார்த்தையைச் சொன்னது ரேச்சல். காட்சி கண்முன்னே இருக்கிறது, மறுக்க வழியில்லை. அதற்குப் பிறகு இரண்டு அணியும் சொன்னதையே உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்தச் சண்டை இத்தனை வருடமாக ஓயாததற்குக் காரணம், மூன்று கேள்விகளை ஒன்றாகக் கட்டிப் பேசுவதுதான். அந்த இரவில் ராஸ் ரேச்சலுக்குக் கட்டுப்பட்டவனா என்பது ஒன்று. கட்டுப்பட்டவன் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் அவன் செய்தது தகுமா என்பது இரண்டாவது. காதல் முறிந்ததற்கு யார் பெரிதும் பொறுப்பு என்பது மூன்றாவது. ராஸ் கட்சிக்காரர்கள் முதல் கேள்விக்கு உள்ள விடையை மூன்றாவதற்கும் விடையாகக் கொடுக்கிறார்கள். ரேச்சல் கட்சிக்காரர்கள் இரண்டாவதற்கு உள்ள விடையை வைத்து முதல் கேள்வியையே இல்லாமல் ஆக்கப் பார்க்கிறார்கள்.

காரைக்குடிக்காரர்களுக்கு இது புதிதில்லை. சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது. வாலி வதை வழக்கைக் கேட்டு வளர்ந்தவர்கள் வீட்டுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். வாலியைக் கொன்றது தகுமா என்பது ஒரு கேள்வி, மறைந்து நின்று கொன்றது தகுமா என்பது வேறு கேள்வி. முதலாவதுக்கு இராமனே விடை சொல்கிறான். இரண்டாவதைக் கேட்கும்போது கம்பனில் இலக்குவன்தான் வாய் திறக்கிறான். செயலையும் செய்த விதத்தையும் பிரித்துப் பார்க்கும் அந்தப் பழக்கம் ராஸ் வழக்குக்கு அப்படியே உதவும். நடுவர் முதல் இரண்டு நிமிடத்திலேயே மூன்று கேள்விகளையும் பிரித்துச் சொல்லி, “இன்று நாம் எடுத்துக்கொண்டது மூன்றாவது” என்று எல்லை கட்டிவிட வேண்டும்.

தலைப்பை இப்படி வைக்கலாம்: “ராஸ் – ரேச்சல் காதலை முறித்தது பெரிதும் அவன் சந்தேகமே! அவள் அவசரமே!” இரண்டு பக்கமும் தொடரிலிருந்தே காட்டக்கூடிய சான்றுகள் கிட்டத்தட்டச் சம அளவில் உண்டு. ‘பெரிதும்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் எதிரணியின் ஒரு சான்றை ஒப்புக்கொண்டாலே தோற்றுவிடுவோமோ என்று பயந்து யாரும் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், வாதமும் முரட்டுத்தனமாகிவிடும்.

இனிச் சான்றுகள். இதில்தான் பேச்சாளர்கள் நேரம் செலவழிக்க வேண்டும்.

முதலில் காலக்கணக்கு. தொடர் 1994 செப்டம்பர் 22-இல் தொடங்கி 2004 மே 6-இல் முடிந்தது. பத்து சீசன், 236 எபிசோடு. இதில் ராஸும் ரேச்சலும் ஒழுங்கான காதலர்களாக இருந்தது இரண்டாம் சீசனின் 14-ஆம் எபிசோடு முதல் மூன்றாம் சீசனின் 15-ஆம் எபிசோடு வரைதான். முன்னது 1996 பிப்ரவரி 1, பின்னது 1997 பிப்ரவரி 13. எண்ணிப் பார்த்தால் 26 எபிசோடு. பத்து வருடக் கதையில் ஏறத்தாழ ஒரே ஒரு வருடம். சேர்வதும் பிரிவதுமாக இருந்த ஜோடி என்று எல்லோரும் சொல்கிறோம், உண்மையில் அவர்கள் பெரும்பாலும் பிரிந்தே இருந்தார்கள். அந்த ஒரு வருடம் எப்படி முடிந்தது என்பதற்கு இவ்வளவு கனம் வந்தது இதனால்தான். எந்த அணியானாலும் முதல் பேச்சாளர் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டுத் தொடங்கினால் சபை நிமிர்ந்து உட்காரும்.

சந்தேக அணிக்கு மூன்றாம் சீசனின் நடுப்பகுதிதான் முழு ஆயுதக் கிடங்கு. ரேச்சலுக்கு ப்ளூமிங்டேல்ஸ் கடையில் வேலை கிடைக்க உதவியவன் மார்க். அன்று முதல் ராஸுக்கு நிம்மதி போகிறது. 12-ஆம் எபிசோடில் அவள் அலுவலகத்துக்குப் பூங்கொத்து, பொம்மை, கடைசியில் பாட்டுப் பாடும் நால்வர் குழு என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறான். பார்ப்பவர்களுக்கு அன்பு மாதிரி தெரியும். அத்தனையும் மார்க்குக்குக் காட்டுவதற்காக அனுப்பியவை. 14-ஆம் எபிசோடில் மார்க் அந்த வேலையை விட்டே போகிறான், ராஸுக்குச் சந்தோஷம். ஆனால் ஃபேஷன் பற்றிய ஒரு சொற்பொழிவுக்கு ரேச்சல் மார்க்கோடு போகிறேன் என்றதும் மறுபடி புகைச்சல். தானே கூடப் போகிறான், போய் அங்கே தூங்கிவிடுகிறான். இந்தக் காட்சியைப் பேச்சாளர்கள் விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாது. அவள் வேலை அவனுக்கு முக்கியமாகவே படவில்லை, அந்த வேலையிலிருந்த ஓர் ஆள்தான் முக்கியமாகப் பட்டான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

15-ஆம் எபிசோடில் அவர்களுடைய முதல் ஆண்டு நிறைவு நாள். அலுவலகத்தில் நெருக்கடி, ரேச்சலால் வர முடியவில்லை. ராஸ் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் மேசைக்கே போகிறான். அவள் தொலைபேசியில் தவித்துக்கொண்டிருக்கும்போது விரிப்பை விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, மிளகு அரைத்து ஆர்ப்பாட்டம் செய்கிறான். வேறு வழியில்லாமல் அவனைப் போகச் சொல்கிறாள். இரவு வீட்டில் சண்டை. அவன் வாயிலிருந்து வரும் கேள்வி, “இதெல்லாம் மார்க்கினாலா?” என்பதுதான். அவளுக்கு அங்கேதான் விட்டுப்போகிறது. சந்தேக அணியின் இரண்டாவது பேச்சாளர் இந்தக் கேள்வியை உச்சத்தில் வைக்க வேண்டும். பிரேக் என்ற சொல் அதற்குப் பின்னால்தான் வருகிறது, முன்னால் அல்ல.

அவசர அணியின் பலம் அதற்கடுத்த சில நிமிடங்களில் இருக்கிறது. பிரேக் எடுப்போம் என்று ரேச்சல் சொன்னதும் ராஸ், சரி, கொஞ்சம் வெளியே போய் ஆறிவிட்டு வருவோம், ஏதாவது சாப்பிடுவோம் என்கிற பொருளில்தான் எடுத்துக்கொள்கிறான். அவள் திருத்துகிறாள்: நம்மிடமிருந்தே ஓர் இடைவெளி வேண்டும் என்கிறாள். எத்தனை நாள், என்ன நிபந்தனை, வேறு யாரோடும் பழகலாமா கூடாதா, ஒன்றும் பேசவில்லை. அவன் வெளியேறுகிறான். செட்டிநாட்டில் கல்யாணத்துக்கு இசைகுடிமானம் எழுதி இரு வீட்டாரும் கையெழுத்துப் போடுகிறோமே, அப்படி ஏதாவது ஒன்றிரண்டு வரி வாய்மொழியாகவாவது இருந்திருந்தால் இந்த வழக்கே இல்லை.

அடுத்து தொலைபேசி. ராஸ் அன்றிரவே அவளைக் கூப்பிடுகிறான். இருவரும் இளகி வருகிறார்கள். அந்த நேரத்தில் பின்னணியில் ஓர் ஆண் குரல், குடிக்க என்ன வேண்டும் என்று கேட்கிறது. யாரது என்கிறான் ராஸ். “யாருமில்லை” என்கிறாள் ரேச்சல். மறுபடி அந்தக் குரல். மார்க்! ஆறுதல் சொல்ல வந்திருக்கிறான், தவறாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் எந்த ஆளைப் பற்றி இத்தனை வாரம் சண்டையோ அந்த ஆளை அன்றைக்கே வீட்டுக்குள் வரவிட்டு, கேட்டதும் மறைத்தது அவள். அவசர அணிக்கு இதைவிட வலுவான சான்று கிடையாது. பெரும்பாலோர் இதை மறந்துவிட்டு “ரேச்சல்தான் பிரேக் என்று சொன்னாள்” என்பதையே பிடித்துத் தொங்குகிறார்கள்.

இரண்டாவது வலுவான சான்று 16-ஆம் எபிசோடில், தொலைபேசிச் செய்தியைப் பதிந்துவைக்கும் இயந்திரத்தில் இருக்கிறது. ராஸ் அந்த இரவை, போட்டோகாப்பிக் கடையில் வேலை பார்க்கும் க்ளோயியோடு கழிக்கிறான். காலையில் எழுந்து செய்தியைக் கேட்கிறான். ரேச்சல் மன்னிப்புக் கேட்டுப் பேசியிருக்கிறாள், மார்க்கோடு எதுவும் இல்லை என்கிறாள், காலை எட்டரைக்கு வருகிறேன் என்கிறாள். அந்தச் செய்தியில் அவளே நடந்ததை ‘பிரிந்துபோன விஷயம்’ என்று குறிப்பிடுகிறாள், இயந்திரத்தின் வழியாக மறுபடி சேர விரும்பவில்லை என்றும் சொல்கிறாள். அப்படியானால் அந்த இரவில் தாங்கள் பிரிந்திருந்ததாக அவளும்தான் நினைத்திருக்கிறாள். அவசர அணி இதை முதல் சுற்றில் செலவழித்துவிடாமல் மறுப்புரைக்கு வைத்துக்கொள்வது நல்லது. எதிரணி “ரேச்சல் பிரிந்ததாக நினைக்கவே இல்லை” என்று எப்படியும் சொல்லும். சொன்ன பிறகு எடுத்துப் போடுங்கள்.

சந்தேக அணிக்கு அதே காலையில் பதில் இருக்கிறது. செய்தியைக் கேட்டதும் ராஸ் செய்யும் முதல் காரியம், க்ளோயியைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு ரேச்சலை வரவேற்பது. சேர்ந்துவிட்டோம் என்று அவள் மகிழும்போது வாய் திறக்கவில்லை. பிறகு செய்தி பரவும் பாதையை அடைக்க ஓடுகிறான்: க்ளோயி தன்னோடு வேலை செய்யும் ஐசக்கிடம் சொல்கிறாள், ஐசக் தன் தங்கை ஜாஸ்மினிடம், ஜாஸ்மினோடு ஒரே வீட்டில் இருப்பவன் காபிக்கடை கந்தர். அங்கே போவதற்குள் கந்தர் ரேச்சலிடம் சொல்லியாயிற்று. ஒன்று கேட்கலாம்: நான் சுதந்திரமாகத்தானே இருந்தேன் என்று நம்புகிறவன் எதற்கு இத்தனை வாயை அடைக்க ஓட வேண்டும்? வாதத்தின் திருப்புமுனை இந்தக் கேள்விதான். அவசர அணியிடம் இதற்கு இருக்கும் ஒரே நியாயமான விடை, அவன் ஓடியது குற்ற உணர்வால் அல்ல, அவளுக்கு வலிக்குமே என்ற பயத்தால் என்பது. பலவீனமான விடைதான். ஆனாலும் தயாராக வைத்திருங்கள்.

அவசர அணி எதிர்பாராத இடத்தில் அடிக்கக்கூடிய இன்னொரு சான்று, அதே சீசனின் 19-ஆம் எபிசோடு. பிரிந்த பிறகு மார்க் தன் விருப்பத்தைச் சொல்கிறான், ரேச்சலும் அவனோடு வெளியே போய்ப் பார்க்கிறாள். ராஸைப் பழிவாங்கத்தான் இதைச் செய்கிறேன் என்று அவளுக்கே தெரிந்து அவளே நிறுத்திவிடுகிறாள். ஆக, மார்க்கின் மனசைப் பற்றி ராஸ் நினைத்தது பொய்யில்லை. சந்தேக அணி இதற்குச் சொல்ல வேண்டிய மறுப்பு ஒன்றே: ராஸ் கணித்தது மார்க்கைச் சரியாக, ரேச்சலைத் தவறாக. காதலித்தது மார்க்கையா, ரேச்சலையா?

பதினெட்டுப் பக்கக் கடிதத்தை யாராவது இழுப்பார்கள். நான்காம் சீசன் முதல் எபிசோடு. ரேச்சல் முன்னும் பின்னும் எழுதிய பதினெட்டுப் பக்கத்தை ராஸ் படிக்கும்போதே தூங்கிவிடுகிறான், படிக்காமலே அதில் உள்ளதற்குச் சம்மதம் சொல்கிறான். முழுப் பொறுப்பையும் தான் ஏற்க வேண்டும் என்று அதில் இருப்பது தெரிந்ததும் சில மணி நேரத்திலேயே பழைய கூச்சல். சபை சிரிக்க நல்ல காட்சி. முறிவுக்கு இது சான்றாகாது, அது நடந்து முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. நடுவர் அனுமதிக்கலாம், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பின்னால் ராஸ் எமிலி என்ற பெண்ணைக் கட்டும் நேரத்தில் ரேச்சல் பெயரைச் சொன்னது, ராஸும் ரேச்சலும் லாஸ் வேகாஸில் குடித்துவிட்டுக் கட்டிக்கொண்டது, அவர்கள் குழந்தை எம்மா, நண்பன் ஜோயிக்கும் ரேச்சலுக்கும் இடையிலான விவகாரம் எல்லாம் இந்தத் தலைப்புக்கு வெளியே. குறிப்பாக ஜோயியை உள்ளே விடாதீர்கள். ஜோயி – ரேச்சல் பேச்சு தொடங்கினால் அந்தச் சபையில் வேறு எதுவும் நடக்காது. ஒரே ஒரு விதிவிலக்குக் கொடுக்கலாம்: ஒன்பதாம் சீசனில், எம்மா பிறந்த பிறகு, ஒரே வீட்டில் இருக்கும்போது ரேச்சலைத் தேடி ஓர் ஆள் தொலைபேசியில் கூப்பிட, அந்தச் செய்தியை ராஸ் அவளிடம் சொல்லாமல் மறைக்கிறான். அவளுக்குத் தெரிந்ததும் வீட்டை விட்டுப் போகிறாள். சுபாவம் மாறவில்லை என்று காட்ட சந்தேக அணி இதை ஒரு நிமிடம் தொடலாம். அப்போது அவசர அணிக்குப் பத்தாம் சீசனைத் தொட உரிமை வரும். ரேச்சலுக்கு வந்த பாரிஸ் வேலையைத் தடுக்க ராஸ் அவளுடைய பழைய மேலாளருக்கு வேண்டியதைச் செய்து பழைய இடத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, அவள் மனசு பாரிஸில் இருப்பது தெரிந்ததும், போ என்று தானே சொல்கிறான். மாறியிருக்கிறான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தொடரில் இல்லை.

“எழுதியவர்கள்தானே பிரித்தார்கள், இதில் ராஸ் என்ன, ரேச்சல் என்ன” என்று ஒரு குரல் கட்டாயம் எழும். அதில் உண்மை உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் நவம்பர், பிப்ரவரி, மே மாதங்களில் எடுக்கும் பார்வையாளர் கணக்கை வைத்துத்தான் உள்ளூர் நிலையங்களின் விளம்பரக் கட்டணம் அப்போது பெரிதும் முடிவாயிற்று. இந்த ஜோடியின் திருப்பங்களைத் தேதியோடு வைத்துப் பாருங்கள்: முதல் முத்தம் 1995 நவம்பர் 9. சேர்ந்தது 1996 பிப்ரவரி. பிரிந்தது 1997 பிப்ரவரி. லண்டனில் எமிலியோடு ராஸ் கல்யாணம் 1998 மே. வேகாஸ் கல்யாணம் 1999 மே. கர்ப்பம் தெரிந்தது 2001 மே. எம்மா பிறந்தது 2002 மே. கடைசியில் சேர்ந்தது 2004 மே. ஒன்றுகூட ஜனவரியிலோ அக்டோபரிலோ இல்லை. ஆனால் இதைப் பேச்சாளர்கள் வாதமாக வைக்கக்கூடாது. ‘கம்பர் அப்படி எழுதிவிட்டார்’ என்று சொல்லி வாலி வழக்கை முடிக்க எந்த நடுவரும் விடமாட்டார். நடுவர் தீர்ப்புரைக்கு முன் தகவலாகச் சொல்லட்டும், நன்றாக எடுபடும்.

நடைமுறைக்கு வருவோம். நோன்பன்று வைக்காதீர்கள். பெரியவர்கள் விரதம் இருப்பார்கள், சாயங்காலம் நோன்பை முடிக்கும் சடங்கான இழை எடுக்கும் வேலை இருக்கும், மனசு அதில்தான் நிற்கும். மறுநாள் காலைப் பலகாரம் முடிந்து பத்தரைக்குத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம். முந்தைய இரவு, இழை எடுத்துச் சாப்பிட்டு முடித்த பிறகு, மூன்றாம் சீசனின் 15, 16 இரண்டையும் எல்லோருமாகப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 22 நிமிடம்தான். ஆங்கில எழுத்து ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள், சிரிப்பொலியில் வசனம் அமுங்கிப்போகும் இடங்கள் பல. மறுநாள் காலை போட்டுக்காட்டலாம் என்று புரொஜெக்டரை வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், வைத்தால் ஒன்றும் தெரியாது, முற்றத்து வெளிச்சம் திரையைத் தின்றுவிடும். இரவில்தான் சரி, அல்லது உள்ளறைத் தொலைக்காட்சி.

ஒரு பதிப்பை முடிவு செய்துகொள்வதும் முக்கியம். பழைய டிவிடி தொகுப்புகளில் சில காட்சிகள் நீளமாக இருக்கும். இணையத்தில் ஓடுவது ஒளிபரப்பான அளவுக்கு வெட்டிய பதிப்பு. ஒருவர் டிவிடியில் கேட்ட வசனத்தைச் சொல்ல, இன்னொருவர் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பார், இருவரும் உண்மையே பேசிக்கொண்டிருப்பார்கள். முந்தைய இரவு எல்லோரும் பார்த்த பதிப்பில் இருப்பது மட்டுமே சான்று என்று அறிவித்துவிடுங்கள். மற்ற எபிசோடுகளுக்கு சீசன், எபிசோடு எண் சொல்லாமல் சான்று காட்டக்கூடாது.

அணிக்கு மூன்று பேர் போதும். நடுவர் முன்னுரை எட்டு நிமிடம், கதைச் சுருக்கம் ஐந்து நிமிடம், ஆறு பேருக்கு ஆறாறு நிமிடம், இடையிடையே நடுவர் பேசுவது எல்லாம் சேர்த்துப் பத்து, அணித்தலைவர்கள் இருவரின் மறுப்புரைக்கு நான்கு நான்கு, தீர்ப்புக்குப் பத்து. கூட்டினால் 77 நிமிடம், எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஓடும். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு மணி, ஆறில் இரண்டு மணி. பேச ஆள் குறைந்தால் வழக்காடு மன்றமாக மாற்றிவிடுங்கள்: குற்றம் சாட்ட ஒருவர், மறுக்க ஒருவர், நடுவர் ஒருவர். குற்றச்சாட்டு மூன்றுக்கு மேல் போகாமல் எழுதிவைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். உண்மையில் இந்த விஷயத்துக்கு வழக்காடு மன்றமே இன்னும் பொருத்தம். ஆனால் குடும்பக் கூட்டத்தில் பேச ஆசைப்படுகிறவர்கள் அதிகம் இருப்பார்கள், அவர்களை உட்கார வைப்பது நன்றாயிருக்காது.

கணவன் மனைவியை எதிரெதிர் அணியில் போடாதீர்கள். சந்தேகம், வேலை, வீட்டுக்கு நேரம் கொடுக்காதது என்று பேச்சு போகிற தலைப்பு இது. மூன்றாவது பேச்சாளருக்குள் ராஸும் ரேச்சலும் காணாமல் போய் வீட்டுக் கதை வந்து நிற்கும். அண்ணன் தங்கை, அத்தை மகன் மாமன் மகள் என்று போடுங்கள். ஆண்கள் எல்லோரும் ராஸ் பக்கம், பெண்கள் எல்லோரும் ரேச்சல் பக்கம் என்றும் பிரிக்க வேண்டாம். ரேச்சலின் அவசரத்தை ஒரு பெண் பேசும்போதும், ராஸின் சந்தேகத்தை ஓர் ஆண் பேசும்போதும் சபை கூர்ந்து கேட்கும்.

வளவில் ஆத்தங்குடிக் கல் தரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், மேலே தேக்குப் பலகை. குரல் அடித்துத் திரும்பும். முப்பது நாற்பது பேர் கூடுகிற இடத்தில் மைக்கே தேவையில்லை. வைத்தால் ஒலிபெருக்கியைப் பேசுபவருக்கு முன்னால், சபையை நோக்கி வையுங்கள், பின்னால் வைத்தால் ஊளையிடும். தரை முழுக்க ஜமுக்காளமோ பாயோ விரித்துவிட்டால் எதிரொலி பாதி அடங்கிவிடும்.

ஆச்சிமார், அப்பத்தாமார் இருக்கும் சபை. கதைச் சுருக்கத்தை நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர், பேச்சாளர் அல்லாதவர், தமிழில் சொல்லட்டும். ரேச்சல் கல்யாண மண்டபத்திலிருந்து மணக்கோலத்தோடு ஓடிவந்தவள், ராஸ் பள்ளிக்கூட நாளிலிருந்து அவள்மேல் ஆசை வைத்தவன், முதல் மனைவியைப் பிரிந்து நிற்பவன், அவனுடைய தங்கை மோனிகாவின் தோழிதான் ரேச்சல், அவள் நியூயார்க்கில் காபிக்கடையில் பரிமாறித் தொடங்கிச் சொந்தக் காலில் நின்ற கதை. இந்தக் கடைசி வரி அவசியம். அப்பன் காசை விட்டுவிட்டு வந்த பெண்ணுக்கு அந்த ப்ளூமிங்டேல்ஸ் வேலை என்னவாக இருந்தது என்று புரிந்தால்தான் மேசைமேல் விரித்த சாப்பாட்டுக் கூடை ஏன் அவளைச் சுட்டது என்று புரியும். க்ளோயி சங்கதியை “இன்னொரு பெண்ணோடு அந்த இரவைக் கழித்தான்” என்று சொன்னால் போதும், எல்லோருக்கும் விளங்கும், யாரும் நெளிய வேண்டியதில்லை. கல்யாணம் ஆகாமல் இதெல்லாம் என்ன பழக்கம் என்று ஒரு கேள்வி வரும். அது அந்த ஊர் வழக்கம், இன்றைய வழக்கு நம்பிக்கையைப் பற்றியது என்று நடுவர் முன்னுரையிலேயே சொல்லிவிட்டால் பாதியில் தடங்கல் வராது. தொடர் பார்க்காதவர்களை லேசாக நினைக்க வேண்டாம். பத்து வருடப் பாசம் ராஸ் மேலும் கிடையாது, ரேச்சல் மேலும் கிடையாது. நடந்ததை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடியவர்கள் அந்தச் சபையில் அவர்கள்தான். தீர்ப்புக்கு முன் இரண்டு ஆச்சிமாரிடம் கருத்துக் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு இன்னும் தெம்பு இருந்தால் சாயங்காலத்துக்கு இரண்டாவது தலைப்பு ஒன்று உண்டு: “அவர்கள் கடைசியில் சேர்ந்தது சரியே! தவறே!” கடைசி எபிசோடில் பாரிஸ் விமானத்திலிருந்து ரேச்சல் இறங்கி வருகிறாள், அதை ராஸ் தொலைபேசிச் செய்தியில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் வந்து நிற்கிறாள். இதை வேறு தொடர்களோடு வைத்துப் பேசலாம். ‘சியர்ஸ்’ 1982-இலிருந்து 1993 வரை ஓடியது. அதில் சாமும் டயேனும் கடைசி எபிசோடில் சேரும் விளிம்பு வரை வந்து பிரிகிறார்கள். ‘ஹவ் ஐ மெட் யுவர் மதர்’ 2014-இல் டெட்டையும் ராபினையும் மறுபடி ஒன்றாக்கியபோது ரசிகர்களில் பெரும் பகுதியினர் கொதித்தார்கள். பின்னர் வந்த டிவிடியில் மாற்று முடிவு ஒன்றையும் சேர்த்தார்கள். சேர்த்தாலும் குறை, பிரித்தாலும் குறை என்பதல்ல இதில் விஷயம். ஒன்பது சீசன் அந்தத் தொடர் ராபின் டெட்டுக்கு ஏற்றவள் இல்லை என்று காட்டிவிட்டுக் கடைசி நிமிடங்களில் திருப்பியது. ‘ஃபிரண்ட்ஸ்’ ராஸ் மாறியதை முன்கூட்டியே ஓரளவாவது காட்டியது. சரியென்பவர்களுக்கு அதுதான் பிடி. தவறென்பவர்களுக்குப் பிடி ரேச்சலின் வேலை: மூன்றாம் சீசனில் எந்த வேலைக்காகச் சண்டையோ அந்த வாழ்க்கையின் மிகப் பெரிய வாய்ப்பை அவள்தான் விட்டுவிட்டு இறங்கினாள். ராஸ் பாரிஸுக்குப் போவதாக ஒரு வரி வந்திருந்தால் இந்தக் குறையே எழுந்திருக்காது.

முதல் தலைப்புக்கு என் தீர்ப்பைக் கேட்டால், சந்தேகம்தான். பிரேக்கில் இருந்தார்கள், அதில் ராஸ் சொல்வது சரி, ரேச்சலின் குரலிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் காதலை முறித்தது அந்த இரவு இல்லை. அந்த இரவுக்கு முந்தைய வாரங்கள் அவள் சொல்லை நம்பாமல் கழிந்தவை, அதற்கு மறுநாள் காலை அவள் தன்னை நம்பும்போது உண்மையைச் சொல்லாமல் கழிந்தது. வாசலில் அவள் வந்து நின்ற எட்டரை மணிக்கு அவனே சொல்லியிருந்தால், அழுதிருப்பாள், கத்தியிருப்பாள், ஒருவேளை அப்போதும் பிரிந்திருப்பாள். ஆனால் கந்தர் வாயால் கேட்டிருக்க மாட்டாள். உங்கள் நடுவர் வேறு மாதிரி நினைத்தால் அப்படியே சொல்லட்டும். இரு பக்கமும் நியாயம் உண்டு என்று பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு எழுந்து போவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். அடுத்த வருட நோன்புக்கும் இதே சண்டைதான் வரும்.